எண் கற்றலும் விதி கற்றலும் – கலைமாணவருக்கான அடிப்படைக் கணிதம் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

பல்கலைக்கழகப் பாடநெறி ஒன்றின் முதல் நாளிலே மாணவர் கையிற் கொடுக்கப்படும் தாள் ஒன்று உண்டு. பாடத்தின் நோக்கம், அலகுகள், வரவு விதி, புள்ளிப் பங்கீடு, ஒப்படைகளுக்கான திகதிகள், பரீட்சை மண்டபத்தில் அனுமதிக்கப்படுவன, அனுமதிக்கப்படாதன என்பன அதிலே நிரற்படுத்தப்பட்டிருக்கும். மாணவர் பெரும்பாலும் அதனை ஒருமுறை பார்த்துக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மடித்து வைத்துவிடுவர். இலக்கிய விமரிசகரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், ஒரு சமூகம் தன் இளந்தலைமுறையிடம் எதனை எதிர்பார்க்கின்றது, அத்தலைமுறையை எவ்வாறு மதிப்பிடுகின்றது என்பவற்றை அறிய விரும்புவோர்க்கு அத்தாள் ஒரு முக்கியமான சான்றாகும். கலைப்பீடங்களிலே பொருளியல், புவியியல், சமூகவியல் முதலியன பயில வருவோர்க்கு முதலாண்டில் விதிக்கப்படும் அடிப்படைக் கணிதபாடத்தின் தாள் இவ்வகையிலே விசேட கவனத்துக்குரியது.

இத்தகைய தாள்களை ஊன்றி வாசிக்கும்போது அவற்றிலே இரு வேறு குரல்கள் ஒலிப்பதை உணரலாம். முதற்பகுதி 'தர்க்கரீதியாகச் சிந்திக்கும் ஆற்றலை வளர்த்தல்', 'எண்சார் தகவல்களை விளங்கி மதிப்பிடுதல்' என்றவாறு பேசும். அங்கே மாணவர் சிந்திக்கும் மனிதராகக் கருதப்படுகின்றார். பிற்பகுதி வரவு, தாமதம், தண்டனை, மீளத்தோற்றல் என்பன பற்றிப் பேசும். அங்கே அதே மாணவர் வேலையிலிருந்து நழுவ முயல்பவராகக் கருதப்படுகின்றார். முதற்பகுதி எவருக்கும் மனப்பாடமாவதில்லை. பிற்பகுதி எல்லார்க்கும் மனப்பாடம். காலப்போக்கிலே பாடம் என்பது விதிகளைக் கடந்து 'சித்தி' பெறும் ஒரு காரியமாகவே எஞ்சிவிடுகின்றது. கலைமாணவர்க்குக் கணிதம் வேண்டியதில்லை என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கணிதம் அவர்க்கு மிக வேண்டியது. அவ்வாறு வேண்டியது என்பதனாலேயே அதனைக் கற்பிக்கும் நிபந்தனைகள் விமரிசனத்துக்கு உள்ளாக வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

எண்ணையும் எழுத்தையும் இணைத்தே கல்வி எனக் கொண்ட மரபு தமிழருடையது. திண்ணைப் பள்ளியிலே நெடுங்கணக்கோடு எண்சுவடியும் பயிலப்பட்டது. இருபதில் ஒன்றை 'மா' என்றும், எண்பதில் ஒன்றை 'காணி' என்றும், முந்நூற்றிருபதில் ஒன்றை 'முந்திரி' என்றும் பெயரிட்டு வழங்கிய அம்மரபு, நிலத்தையும் நெல்லையும் பொன்னையும் அளந்த வாழ்க்கைத் தேவையிலிருந்து பிறந்தது. இம்மரபை எண்ணிப் பெருமை கொள்வோர் பலர். ஆனால் அத்திண்ணையில் யார் அமர அனுமதிக்கப்பட்டனர், யார் விலக்கப்பட்டனர் என்ற கேள்வியையும் உடன் எழுப்புவது அவசியம். அளந்த கணக்கு பெரும்பாலும் நிலவுடைமையாளரின் கணக்காகவும் இறைக்கணக்காகவும் இருந்தது. நெல்லை விளைவித்தவர் கையிலே சுவடி இருக்கவில்லை. கணக்கு அறிந்தோர், கணக்கிடப்பட்டோர் என்ற பிரிவு பழமையானது. பின்வந்த கல்வி முறைகள் இப்பிரிவை எவ்வளவு தூரம் மாற்றின என்பதே அவற்றை மதிப்பிடுவதற்கான அளவுகோலாதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரி (1823–1855) நவீன கணிதத்தைத் தமிழரிடையே அறிமுகஞ் செய்தது. அச்சூழலில் உருவான கரோல் விசுவநாதபிள்ளை 1855 இல் 'வீசகணிதம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டமை, உயர்கணிதம் தமிழுக்கு அந்நியமானதன்று என்பதற்குத் தொடக்ககாலச் சான்றாகும். இருபதாம் நூற்றாண்டில் சி. சுந்தரலிங்கம், சி. ஜே. எலியேசர் போன்றோர் கொழும்பிலே கணிதப் பேராசிரியர்களாக விளங்கினர். ஆனால் 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதன் போதனாமொழி ஆங்கிலம். 1952 இல் அது பேராதனைக்கு இடம்பெயர்ந்த பின்னர், 1960 ஆம் ஆண்டையொட்டியே கலைப்பீடத்தில் சுயமொழி மூலம் பயின்றோர் நுழையலாயினர். கிராமங்களிலிருந்து வந்த அம்மாணவரால் கலைப்பீடம் விரிந்தது. அதேவேளை 'விஞ்ஞானக் கூடம் இல்லாத பாடசாலையிலிருந்து வருபவர் கலைக்கு வருவர்' என்ற எழுதப்படாத விதியும் உறுதிப்பட்டது. கலைத்துறை பலருக்கு விருப்பத் தேர்வாக அமையவில்லை. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லாமையின் விளைவாகவே அது அமைந்தது.

1972 இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சீர்திருத்தம் ஒன்பதாம் வகுப்பு வரை எல்லார்க்கும் பொதுவான பாடத்திட்டத்தை வகுத்துக் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் கட்டாய பாடங்களாக்கிற்று. 1975 டிசெம்பரில் முதலாவது தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை நடைபெற்றது. 1977 இன் ஆட்சி மாற்றத்துக்குப் பின்னர் அச்சான்றிதழ் கைவிடப்பட்டுச் சாதாரண தரப் பரீட்சை மீண்டும் வந்தபோதும், கணிதம் எல்லார்க்கும் உரிய பாடம் என்ற நிலை மாறவில்லை. கொள்கையளவில் இது முற்போக்கானதே. ஆனால் பாடத்தைக் கட்டாயமாக்கிய அரசு ஆசிரியரைக் கட்டாயமாக்கவில்லை. பாடம் எல்லாப் பாடசாலைகளுக்கும் சென்றது. அதனைக் கற்பிக்க வல்லவர் எல்லாப் பாடசாலைகளுக்கும் செல்லவில்லை. அதனால் அறிவைப் பரப்புவதற்கென வந்த பாடம் ஆட்களைச் சலிக்கும் அரிதட்டாகவும் தொழிற்படலாயிற்று.

இந்நிலையில், கலைமாணவருக்குக் கணிதம் ஏன் வேண்டும் என்ற வினாவை நேராக எதிர்நோக்குதல் நன்று. பாட அறிமுகத் தாள்கள் இதற்குக் கூறும் விடை பொதுவானதாகவும் உயிரற்றதாகவும் காணப்படுகின்றது. மலைநாட்டின் வரலாற்றிலிருந்தும் வாழ்விலிருந்தும் மிகத் தெளிவான விடைகள் கிடைக்கின்றன.

முதலாவதாக, வரலாற்று மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1948, 1949 ஆம் ஆண்டுகளின் சட்டங்களினால் மலையகத் தமிழர் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைப் பற்றியது. 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது ஏற்பாடு. முதலிரு தொகைகளின் விகிதம் ஏழுக்கு நான்கு. 1974 இல் எஞ்சியோர் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டபோது தொகைகள் 600,000, 375,000 என்றாயின. விகிதம் எட்டுக்கு ஐந்து. விகிதம் என்பது பாடப்புத்தகத்திலே பழங்களையும் இனிப்புகளையும் பங்கிடும் பயிற்சியாக மட்டுமே வருகின்றது. குடும்பங்களும் அவ்விகிதங்களின்படி பிளக்கப்பட்டன என்பதைக் காணும் மாணவர் விகிதத்தையும் மறவார், வரலாற்றையும் மறவார். குடிசன மதிப்பீடும் அவ்வாறே. 1971 இல் இந்தியத் தமிழர் என 1,174,606 பேர் பதியப்பட்டனர். 1981 இல் 818,656 பேர். வீழ்ச்சி 355,950. இத்தொகையில் எப்பகுதி தாயகம் திரும்புதல் என்ற பெயரிலே அனுப்பப்பட்டோரால் நேர்ந்தது, எப்பகுதி தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொண்டோரால் நேர்ந்தது என்று வினவத் தெரியாதவர் அட்டவணையை வாசித்தவராகார்.

இரண்டாவதாக, பல்கலைக்கழகப் பிரவேசத்தையே எடுத்துக்கொள்வோம். 2001 ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சை முதல் அனுமதி இசட் புள்ளியினால் தீர்மானிக்கப்படுகின்றது. ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் அது கிடைக்கும். இடை 45, நியம விலகல் 10 ஆகவுள்ள பாடத்தில் 60 புள்ளி பெற்றவரின் இசட் புள்ளி 1.5. இடை 60, நியம விலகல் 20 ஆகவுள்ள பாடத்தில் 70 புள்ளி பெற்றவருடையது 0.5. எழுபது பெற்றவர் அறுபது பெற்றவருக்குப் பின்னால் நிற்கின்றார். 2011 ஆம் ஆண்டின் பெறுபேறுகளில் பழைய, புதிய பாடத்திட்டங்களின் மாணவர்க்கு இப்புள்ளி கணிக்கப்பட்ட முறை வழக்காகி, 2012 இல் உயர் நீதிமன்றம் அக்கணிப்பை ஏற்க மறுத்தது. தம் எதிர்காலத்தைத் தீர்மானித்த எண் எவ்வாறு பிறந்தது என்று அறியாமலே பல்லாயிரவர் பல்கலைக்கழகத்துள் நுழைகின்றனர். அதனிலும் பலர் வெளியே நிற்கின்றனர். அடிப்படைக் கணிதபாடத்தின் முதல் விரிவுரைக்கு இதனைவிடப் பொருத்தமான உதாரணம் வேறில்லை.

மூன்றாவது உதாரணம் பேராதனை வளாகத்துக்கு மிக அண்மையில் இருக்கின்றது. வளாகத்தின் ஊடாகச் செல்லும் கலகா வீதி தோட்டங்களின் வழியே தெல்தோட்டைப் பக்கமாக ஏறிச் செல்கின்றது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டமும் அம்மலைப்பகுதியிலேயே உள்ளது. அத்தோட்டங்களின் அதிகார வரிசையில் ஒரு பதவிக்குக் 'கணக்கப்பிள்ளை' என்றே பெயர். கொழுந்தைப் பறிப்பவர் ஒருவர். நிறுத்துப் பதிபவர் இன்னொருவர். நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. கூடையின் நிறைக்கென்றும் ஈரத்துக்கென்றும் நிறுவையில் கழிக்கப்படுவது தொழிலாளரின் நெடுநாளைய முறைப்பாடு. ஒருமுறை நிறுக்கும்போது 2 கிலோ கழிக்கப்படுகின்றது எனவும், நாளுக்கு மும்முறை நிறுக்கப்படுகின்றது எனவும் கொள்வோம். நாளுக்கு 6 கிலோ. 24 வேலைநாளுக்கு 144 கிலோ. நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய அளவு 18 கிலோ எனின், அது எட்டு நாள் உழைப்பு. இங்கு வேண்டுவது பெருக்கலும் வகுத்தலுமே. இக்கணக்கைச் செய்து காட்டக்கூடிய மகளோ மகனோ வீட்டில் இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் உள்ள வேறுபாடு புள்ளிச் சான்றிதழில் தெரிவதன்று. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபா என அறிவிக்கப்பட்டபோது, அது 900 ரூபா அடிப்படைச் சம்பளமும் 100 ரூபா படியும் சேர்ந்த தொகை என்பதைப் பிரித்து நோக்கும் ஆற்றலும் இவ்வகையைச் சேர்ந்ததே.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே 1960களில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதியும் இயக்கத்தில் முன்னின்ற றொபேட் மோசஸ், 1982 இல் அட்சரகணிதத் திட்டம் என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். வாக்குரிமைக்காகப் போராடியவர், பாடசாலைக் கணிதத்தையும் குடியுரிமைப் பிரச்சினையின் தொடர்ச்சியாகவே கண்டார். வாக்குரிமை இழந்து மீளப்பெற்ற ஒரு சமூகம் வாழும் மலைநாட்டிலே இக்கருத்து எளிதில் விளங்கக்கூடியது.

தேவை இவ்வாறிருக்க, பாடநெறியின் எதிர்பார்ப்பு எத்தகையது? 'சாதாரண தரக் கணித அறிவு உடையவர் எனக் கொள்ளப்படும்' என்ற ஒருவரியே பெரும்பாலும் அதன் அத்திவாரம். இந்த 'எனக் கொள்ளப்படும்' என்ற தொடர் கணித நிறுவல்களிலே வருவது. அங்கே எடுகோள் பொய்த்தால் முடிபும் பொய்க்கும். இங்கோ எடுகோள் பொய்த்தாலும் முடிபு மாணவர்மீது சுமத்தப்படுகின்றது. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் எல்லைக்குப் புறத்தே நின்றன. 1970களின் பிற்பகுதியிலிருந்தே அவை படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. தமிழ்மொழிமூலக் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை மலையகக் கல்வி பற்றிய ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் சுட்டப்படும் உண்மை. கண்டி நகரத்துப் பெரிய கல்லூரியில் பதினொரு ஆண்டு கணித ஆசிரியரிடம் கற்றவரும், ஆண்டின் பாதியில் மாற்றலாகிப் போன ஆசிரியருக்குப் பதிலாள் வராத பாடசாலையில் தாமாகவே கற்றுச் சித்திபெற்றவரும் ஒரே பெஞ்சில் அமர்கின்றனர். இருவர்க்கும் ஒரே விதி. விதியின் சமத்துவம் கண்ணுக்குப் புலனாகின்றது; அதன் அடியிலுள்ள அசமத்துவம் புலனாவதில்லை.

இனி விதிகளைத் தனித்தனியே நோக்கலாம். வரவு விதி அவற்றுள் முதன்மையானது. இலங்கைப் பல்கலைக்கழகங்களிலே பரவலாகவுள்ள 80 சதவீத விதியின்படி, முப்பது விரிவுரைகளில் இருபத்துநான்குக்குச் சமுகமளித்தல் வேண்டும். இவ்விதியை முற்றாக மறுப்பது நியாயமாகாது. கணிதம் படிமுறையாக வளர்வது. பின்னம் விளங்காதவர்க்குச் சதவீதம் விளங்காது, சதவீதம் விளங்காதவர்க்குச் சுட்டெண் விளங்காது. தவறிய ஒரு விரிவுரை பின்வருவனவற்றையும் மூடிவிடும். ஆகவே விதியின் உட்கருத்து சரியானதே. ஆனால் விதி கையொப்பத்தையே எண்ணுகின்றது. ஏழு விரிவுரைகளைத் தவறவிட்டவர்க்குத் தண்டனை உண்டு. அவற்றை மீளக் கற்க வழி இல்லை. படிமுறை என்ற காரணத்தை விதி உண்மையில் நம்புமானால், வராதவரைத் தடுப்பதோடு நில்லாது, விட்ட படியை மீளக் கட்டும் வகுப்பொன்றையும் அதே தாளில் விதித்திருக்கும்.

மீளத்தோற்றல் விதி இதனிலும் கடுமையானது. முதன்முறை சித்தியெய்தாதவர், அடுத்த முறை எவ்வளவு சிறப்பாக எழுதினும் 'சி' தரத்துக்கு மேல் பெறமுடியாது என்பது பல பீடங்களின் நடைமுறை. ஒரே அறிவை ஜூன் மாதத்தில் பெற்றவர்க்கு ஒரு தரமும், அடுத்த ஆண்டு பெற்றவர்க்கு இன்னொரு தரமும் வழங்கப்படுகின்றன. ஆகவே இங்கே அளக்கப்படுவது அறிவு மட்டுமன்று, அது வந்து சேர்ந்த திகதியும் ஆகும். தாமதமாக வந்து சேர்வோர் யாவர் என்று நோக்கின், தொடக்கத்திலேயே பின்தள்ளி நிறுத்தப்பட்டோர் அவருட் பலராக இருப்பர். முதன்முறையே முயன்று எழுதியோர்க்கு அநீதி நேரலாகாது என்பது இவ்விதியின் நியாயம். பரிசில்களையும் சிறப்புத் தகைமைகளையும் தீர்மானிக்கும்போது அந்நியாயம் பொருந்தலாம். அடிப்படைப் பாடம் ஒன்றுக்கு, அதாவது எல்லாரும் அறிந்திருத்தல் வேண்டும் எனக் கருதி வைக்கப்பட்ட ஒன்றுக்கு, அது பொருந்துமாறில்லை.

மொழி பற்றி விதித்தாள் எதுவும் கூறுவதில்லை. அதன் மௌனமும் ஒரு விதியே. அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் வழியாக இலங்கைத் தமிழ்க் கணிதத்துக்கென ஒரு கலைச்சொல் மரபு உருவாயிற்று. அட்சரகணிதம், கேத்திரகணிதம், மீடிறன், நியம விலகல், இடையம், ஆகாரம் என்பன அம்மரபின் சொற்கள். தமிழ்நாட்டு நூல்களில் இவற்றுட் பல வேறாக வழங்கும். அங்கே அட்சரகணிதம் இயற்கணிதம், நியம விலகல் திட்ட விலக்கம், ஆகாரம் முகடு. விரிவுரையிலோ ஆங்கிலப் பதமே பெரும்பாலும் ஒலிக்கும். பாடசாலையில் 'ஆகாரம்' எனக் கற்றவர் விரிவுரையில் 'மோட்' எனக் கேட்டு, உசாத்துணை நூலில் 'முகடு' எனக் காண்கின்றார். மூன்றும் ஒன்றே என்று சொல்ல ஒருவர் இல்லையெனின், அறிந்த பொருளே அறியாத பொருளாகிவிடும். கணிதம் வராது என்று கைவிடப்பட்டோர் சிலர்க்கு வராதிருந்தது சொல்லே. அறிமுகத் தாளின் பின்புறத்தில் நாற்பது சொற்களுக்கு மும்மொழிப் பட்டியல் ஒன்றை அச்சிடுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

கூடிப் படித்தல் பற்றிய விதி இறுதியாக நோக்கத்தக்கது. ஒப்படைகளைத் தனித்தே செய்தல் வேண்டும் என்று தாள் கூறும். பார்த்தெழுதுதல் தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் பார்த்தெழுதுதலுக்கும் கூடிச் சிந்தித்தலுக்கும் இடையே தாள் வேறுபாடு காண்பதில்லை. மாணவர் தாமாகவே அவ்வேறுபாட்டைக் கண்டுள்ளனர். இலங்கைப் பல்கலைக்கழகங்களிலே 'குப்பி' என வழங்கும் வகுப்பு அதன் விளைவு. போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்டு எரிக்கும் குப்பி விளக்கின் பெயரைப் பெற்ற இவ்வகுப்பில், பாடம் விளங்கிய மாணவர் விளங்காத மாணவர்க்கு விடுதியிலும் மரநிழலிலும் கற்பிப்பர். பேராதனையில் ஹந்தானை அடிவாரத்து விடுதிகளிலே பரீட்சைக் காலத்து இரவுகளில் இதனைக் காணலாம். விளங்கவில்லை என்று வெட்கமின்றிச் சொல்லக்கூடிய இடம் அது. அங்கே பின்னத்திலிருந்து தொடங்கலாம். அங்கே 'ஆகாரம்' என்றும் 'மோட்' என்றும் ஒரே மூச்சில் சொல்லலாம். 2021 முதல் பல்கலைக்கழக ஆசிரியர் குழுவொன்று உயர்கல்வி பற்றிய தன் பத்திரிகைப் பத்திக்கு இப்பெயரையே சூட்டியமை, குப்பியின் பெறுமதி விரிவுரை மண்டபத்துக்கும் எட்டியுள்ளமையைக் காட்டும்.

குப்பியை இலட்சியமயப்படுத்துதலும் தவறு. சில வேளைகளில் அது கடந்த வினாத்தாள்களின் விடைகளை மனனஞ் செய்விக்கும் இடமாகச் சுருங்குகின்றது. மூத்தோர், இளையோர் என்ற அதிகாரமும் அதனுட் புகுந்துவிடுகின்றது. விடுதியில் தங்காதோரும், மாலையானதும் வீடு திரும்பவேண்டிய மாணவியரும் அதற்குப் புறம்பாகின்றனர். இக்குறைகளுக்குக் காரணம் அது யாருடைய பொறுப்பிலும் இல்லாதிருத்தலே. கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் 1970களின் பிற்பகுதியில் யூரி டிரைஸ்மன் மேற்கொண்ட அவதானிப்பு இங்கு பயன்படும். நுண்கணிதத்திலே கறுப்பின மாணவர் பலர் சித்தியெய்தாமைக்கு முயற்சியின்மையோ குடும்பத்தின் அக்கறையின்மையோ காரணமன்று என அவர் கண்டார். அவர்கள் தனித்தனியே நெடுநேரம் படித்தனர். சீன அமெரிக்க மாணவரோ கூடியிருந்து ஒருவர் விடையை ஒருவர் சோதித்துப் படித்தனர். இதனை அறிந்த அவர், பின்தங்கியோர்க்கான இலகு வகுப்பை அமைக்கவில்லை. கடினமான கணக்குகளைக் கூட்டாகச் செய்யும் பட்டறையையே அமைத்தார். அதிற் பங்குகொண்டோரின் பெறுபேறு சிறந்தது. அதே மாநிலத்தில் கலிபோர்ணிய அரச பல்கலைக்கழகம் 2018 முதல் புள்ளி வழங்காத முன்னோடி வகுப்புகளைக் கைவிட்டு, முதலாண்டுப் பாடத்தோடு உதவியையும் சேர்த்து வழங்கும் முறைக்கு மாறிற்று. வாயிலில் மறித்துவைத்துக் கற்பிப்பதிலும் உள்ளே விட்டு உடனிருந்து கற்பிப்பதே மேல் என்பது அம்மாற்றத்தின் கருத்து.

இவ்வாறு கூறுவது தரத்தைத் தாழ்த்துவதாகும் என்ற மறுப்பு எழும். அம்மறுப்புப் புறக்கணிக்கத்தக்கதன்று. கணக்குத் தெரியாமலே கணிதத்தில் சித்தி பெற்ற பட்டதாரி தம்மையும் ஏமாற்றித் தம் மாணவரையும் நாளை ஏமாற்றுவார். மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியராகச் செல்வோரிற் பலர் இப்பல்கலைக்கழகங்களிலிருந்தே செல்பவர் என்பதால் அத்தீங்கு மீண்டும் அதே பிள்ளைகள் தலையிலேயே விழும். ஆனால் தரம் என்பது வினாத்தாளின் கடினத்தையும் விதியின் கடுமையையும் ஒன்றாகக் குழப்புவதன்று. அறிவின் அளவை உயர்த்திவைத்து, அதனை அடையும் வழிகளைப் பெருக்குதல் தரத்தைப் பேணுதலாகும். வழிகளை அடைத்துவிட்டு, வராதோர் தொகையைக் காட்டித் தரம் உயர்ந்தது என்பது கணக்குப் பிழை.

எனவே அடிப்படைக் கணிதபாடத்தின் அறிமுகத் தாள் திருத்தி எழுதப்படல் வேண்டும். மாணவர் எதனை அறிந்து வந்துள்ளார் என்பது முதல் வாரத்தில் புள்ளியிடாத வினாத்தாள் ஒன்றினால் அறியப்பட வேண்டும், ஊகிக்கப்படலாகாது. உதாரணங்கள் மாணவர் பயிலும் வரலாற்றிலிருந்தும் பொருளியலிலிருந்தும் அவர் பிறந்த ஊரிலிருந்தும் வரவேண்டும். குப்பி வகுப்புக்குப் பகலிலே ஒரு மண்டபமும், ஒழுங்கான நேரமும், ஆசிரியர் ஒருவரின் துணையும் கிடைக்க வேண்டும். மீளத்தோற்றி உண்மையாகவே கற்றவர்க்கு அவர் கற்றதற்குரிய தரம் வழங்கப்பட வேண்டும். ஆசிரியரிடம் மாணவர் எதிர்பார்க்கக்கூடியவை எவை என்ற ஒரு பகுதியும் அத்தாளில் இடம்பெற வேண்டும். இன்று அதில் எதிர்பார்ப்பு ஒருபக்கமாகவே ஓடுகின்றது.

இவை பெருஞ் செலவையோ புதிய சட்டத்தையோ வேண்டி நிற்பன அல்ல. வேண்டுவது பாடத்தின் முதற்பகுதி கூறும் நோக்கத்தைப் பிற்பகுதியின் விதிகளும் நம்புதல் ஒன்றே. கலகா வீதியின் மேற்புறத்திலே இன்றும் கொழுந்து நிறுக்கப்படுகின்றது, எண்கள் பதியப்படுகின்றன. அவ்வெண்களை வாசிக்கத் தெரிந்தோரை அனுப்புகின்றதா, அன்றி வாசிக்கத் தெரியாமலே சித்தி பெற்றோரையும் சித்தி பெறாது திரும்பினோரையும் அனுப்புகின்றதா என்பதைக் கொண்டே அவ்வீதியின் கீழ்ப்புறத்துப் பல்கலைக்கழகத்தின் கணிதபாடம் மதிப்பிடப்படும்.